தொரை பூட்ஸைக் கழற்றிய நாள்

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் பாதி நாள் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிடுவேன். ஓர் இடத்தில் உட்கார்ந்தால் தொடையில் எறும்பு ஊறுவது போல இருக்கும். ஐம்பது வயது தாண்டியும் அந்த எறும்பு போகவில்லை. மிளகுக்கொடியைப் பார்க்கக் கிளம்புவேன், செம்மேட்டு டீக்கடையில் நிற்பேன். "இந்த ஆளைக் கயித்துல கட்டித்தான் போடோணும்" என்பாள் என் வீட்டுக்காரி.

அந்த டீக்கடையில்தான் தொரையைப் பார்த்தேன். ஜெர்மனிக்காரர். பேரைச் சொன்னார், என் நாக்கு அதில் வழுக்கி விழுந்தது. அதனால் ஊருக்கே அவர் தொரை ஆகிவிட்டார். பட்டாளத்தில் இருந்தவர், பட்டாளத்தில் இருந்துகொண்டே கதை எழுதியவர். இரண்டு புத்தகம் வந்திருக்கிறது. மூன்றாவதாகத் தன் சொந்த வாழ்க்கையை எழுதிக்கொண்டிருந்தார். தங்கியிருந்த லாட்ஜில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் சத்தம் அவருக்கு ஆகவில்லை. வாசலுக்கு எதிரே தனியாக இருந்த, திருப்பூருக்குப் போன என் மகனின் அறை சும்மா கிடந்தது. கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஊர் மலைமேல், தேவனூர் நாட்டில் ஒரு மூலை. வீட்டில் போன் சிக்னல் கிடையாது. தொரையின் போன் அவர் பேசுவதைத் தமிழாக்கிச் சொல்லும், ஆனால் சிக்னல் இருந்தால்தான் சொல்லும். அதற்கு ரோட்டு மேல் வளைவுக்கு ஏறி, அங்கே இருக்கும் பாலச்சுவரில் உட்கார வேண்டும். அதனால் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஊமை. முக்கியமாக ஏதாவது பேச வேண்டும் என்றால் அவர் மேலே கை காட்டுவார், நான் முன்னால் நடப்பேன். அந்தப் போனில் பேசுகிற அம்மா செய்தி வாசிக்கிற மாதிரி பேசும். "எனக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டுள்ளது" என்று அது சொன்ன நாளில் நான் சுவரிலிருந்து பின்பக்கமாக விழுந்தேன்.

ஏன் எங்கள் மலைக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். "இந்த மலையில் எவரும் சுடுவதில்லை" என்றது போன். காட்டுப்பன்றிக்கு வெடி வைப்போம் என்பதை நான் சொல்லவில்லை.

என்னை மிஞ்சிய நிலைகொள்ளாதவர் அவர். நாலு வரி எழுதுவார், எழுந்து வாசலுக்கு வருவார், பலாமரத்தைச் சுற்றுவார், திரும்ப நாலு வரி. தமிழில் அவருக்குத் தெரிந்தது சரி, சோறு, அப்புறம் இன்னொன்று. என் வீட்டுக்காரி நாள் முழுக்க என்னைக் கூப்பிடுவாள். "கூப்பிட்டியா புள்ள?" என்று நான் கேட்பேன். அதைக் கேட்டுக் கேட்டு, அவள் குரல் எழுந்தாலே தொரை அறைக்குள்ளிருந்து பாய்ந்து வருவார்.

"கூப்பிட்டியா?"

"உங்களை இல்லீங்க சாமி. இந்தத் தண்டத்தைக் கூப்பிட்டேன்."

எல்லாம் நன்றாகத்தான் போனது, பூட்ஸ் ஒன்றைத் தவிர. கணுக்காலுக்கு மேல் ஏறும் பட்டாளத்துப் பூட்ஸ். அதைக் கழற்றவே மாட்டார், தூங்கும்போதும் காலில்தான் இருக்கும். எங்கள் வீட்டுக்குள் செருப்போடு வரக்கூடாது என்று தெரிந்ததும் வாசலில் ஒரு கல்லைப் போட்டு அங்கேயே சாப்பிட ஆரம்பித்தார். மார்கழிக் குளிரில், பனி சோற்றில் இறங்க, மூன்று வாரம்.

"கழட்டுனா கால்ல இருக்கிற தங்கம் உழுந்துருமாக்கும்" என்றான் என் மச்சான், வீட்டுக்காரியின் தம்பி. "வெள்ளைக்காரத் திமிரு மாமா."

"நான் கழட்ட வெக்கிறேன் பாரு."

"நீங்களா? உங்க கால்சட்டையே நிக்க மாட்டேங்குது."

அடுத்த வாரம் மச்சானுடைய களத்தில் சாமை மிதிப்பு. கதிரைப் பரப்பி எல்லோரும் காலால் மிதித்து மணியை உதிர்ப்போம். தானியம் கிடக்கும் களத்தில் செருப்புக்கால் படக்கூடாது. அதற்குத் தொரையை வெறுங்காலோடு கூட்டி வருகிறேன் என்று ஊர் நடுவே சவால் விட்டேன். என் வாய்க்கு ஒரு பூட்டு கண்டுபிடித்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது.

அவர் பூட்ஸ் இல்லாமல் இருப்பது குளிக்கும் நேரம் மட்டும்தான். வீட்டுக்குப் பின்னால், தண்ணீர் டிரம் பக்கத்தில். அப்போதும் பூட்ஸ் கை எட்டும் தூரத்தில் இருக்கும். அவர் முகத்துக்குச் சோப்புப் போடும் வரை காத்திருந்தேன். எடுத்தேன். மிளகு பறிக்கிற ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி, பக்கத்தில் நின்ற சில்வர் ஓக் மரத்தின் கிளையில் பூட்ஸ் கயிற்றாலேயே மாட்டிவிட்டு இறங்கினேன். கத்துவார், துரத்துவார், கடைசியில் சிரிப்பார் என்று நினைத்தேன்.

அவர் கத்தவில்லை. கண்ணில் சோப்போடு தரையைத் தடவினார். டிரம்மைச் சுற்றித் தடவினார். பிறகு சுவரில் முதுகை வைத்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார். மூச்சு மட்டும் வேகமாக வந்தது. இரண்டு கையையும் வெறுங்காலுக்குக் கொண்டுபோனார். அங்கே பூட்ஸ் இல்லை. ஆனாலும் விரல்கள் கயிறு கட்டின. இழுத்து, மடித்து, முடிச்சுப் போட்டு. இல்லாத கயிற்றை அவசர அவசரமாகக் கட்டிக்கொண்டே இருந்தார்.

"என்ன பண்ணுனீங்க?" என்று ஓடி வந்தாள் வீட்டுக்காரி.

திரும்பவும் மரத்தில் ஏறினேன். பூட்ஸைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தேன். மாட்டினார், கட்டினார், அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். துணி போட்டுக்கொண்டு வந்து மேலே கை காட்டினார்.

வளைவுக்குப் போனோம். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருக்கலாம். போனில் மெதுவாகப் பேசினார். செய்தி வாசிக்கிற அம்மா சொன்னது: "நான் காலணிகளைக் கழற்றியிருந்தேன்."

நான் சிரித்துவிட்டேன். அந்தக் குரலுக்குச் சிரித்துப் பழகிய பாழாய்ப்போன பழக்கம். அவர் நிறுத்தவில்லை.

"ஆப்கானிஸ்தானில் ஒரு மலை முகாம். வெறுங்காலுடன் எழுதுவதே என் வழக்கம். என் நண்பன் வெளியிலிருந்து என்னை அழைத்தான். ஒரு வரி மீதமிருந்தது. அதை முடித்தேன். பிறகு காலணிகளைக் கட்டினேன். அவன் காத்திருக்காமல் தனியாகச் சென்றான். பாதையில் குண்டு இருந்தது."

சிரிப்பு என் முகத்திலேயே காய்ந்துபோனது. அதைத் துடைக்கவும் தெரியவில்லை.

"மற்ற அனைத்தையும் எழுதிவிட்டேன். இந்தப் பக்கத்தை மட்டும் எழுத இயலவில்லை. பத்து நாட்களில் ஊர் திரும்ப வேண்டும். இது இல்லாவிட்டால் அந்தப் புத்தகம் பொய்."

போனை என் பக்கம் நீட்டினார். படித்தவனாக இருந்தால் ஆறுதலாக நாலு வார்த்தை வந்திருக்கும். எனக்கு வந்தது ஒரு மடத்தனமான கேள்வி.

"அது என்ன வரிங்க?"

போன் அதை அவர் பாஷையில் சொன்னது. அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை போல.

"என் ஊரில் பெய்யும் மழையைப் பற்றியது" என்றது போன். பிறகு, "நல்ல வரி அல்ல. பின்னர் அதை அடித்துவிட்டேன்."

இறங்கி வரும்போது அவர் முன்னால் நடந்தார். நான் பூட்ஸ் தடத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தேன்.

சாமை மிதிப்புக்கு அவரை நான் கூப்பிடவில்லை. அவராகவே வந்தார். களத்து ஓரத்தில் நின்று எங்கள் வெறுங்கால்களைப் பார்த்தார். கதிரைப் பார்த்தார். குனிந்து கயிற்றை அவிழ்த்தார். மச்சான் வாயைத் திறந்தான்.

"பாத்தீங்களா, மாமா செயிச்சுட்டாரு..."

"மூடுடா" என்றேன். நான் ஒருத்தனை வாயை மூடச் சொன்னது அதுதான் முதல் தடவை. மச்சான் பயந்தே போனான்.

தொரை பூட்ஸைக் களத்தைப் பார்த்து வைக்காமல் வெளியே பார்த்து வைத்தார், ஓடிவந்து நுழைக்கத் தோதாக. வெள்ளைவெளேரென்ற கால், வெயிலே பார்க்காத கால். மிதித்தார். நாலு மிதிக்கு ஒரு தடவை திரும்பிப் பூட்ஸைப் பார்த்தார். நான் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அதன் பிறகு அவர் அவ்வளவாகத் திரும்பவில்லை.

வெயில் ஏறியது. திடீரென்று அவர் களத்தை விட்டு இறங்கி, பையிலிருந்து நோட்டை எடுத்து, களத்தோரப் பலாமரத்து நிழலில் உட்கார்ந்தார். பூட்ஸ் பக்கம் வரவில்லை. காலெல்லாம் சாமை உமி. எழுத ஆரம்பித்தார்.

வீட்டில் போல மரத்தைச் சுற்றவில்லை. எழவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்காரி சோற்றுப் பானையை இறக்கினாள். "ஏனுங்க, தொரையைக் கூப்பிடுங்க. சோறு ஆறுது."

கூப்பிட வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

"வேண்டாம் புள்ள."

"ஏன், உங்களுக்குக் கூப்பிடக்கூடத் தெரியாதா? நான் கூப்பிடறேன்."

"ஒருத்தரும் கூப்பிடக்கூடாது. வரி முடியட்டும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். களத்தில் எல்லோரும் பசியோடு நின்றார்கள். மச்சான் சட்டியை முகர்ந்துவிட்டுத் தள்ளிப் போனான். என் தொடையில் எறும்பு ஏறியது, ஊறியது, கடித்தது. நான் அசையவில்லை. சோறு ஆறியே போனது.

ரொம்ப நேரம் கழித்து எதற்கோ தலையைத் தூக்கினார். பார்வை நேராகப் பூட்ஸுக்கு வந்தது, அதன் பக்கத்தில் இருந்த எனக்கு வந்தது. எழுந்துவிடுவார் போல இருந்தது.

"கூப்பிட்டியா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன். "யாரும் கூப்பிடலீங்க. நீங்க எழுதுங்க."