அந்த மலையில் சுரங்கம் இல்லை

போன வருடம் அரையாண்டு விடுமுறையில் நானும் கணவரும் எட்டு வயது மகளும் நெய்வேலியிலிருந்து ஒரு மலை ஊருக்குப் போயிருந்தோம். இரண்டு நாளாக விடாத மழை. படகுச் சவாரி கிடையாது என்று ஏரிக்கரையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணவர் டீ குடிக்கப் போக, நானும் மகளும் மழைக்கு ஒதுங்கத்தான் பக்கத்தில் இருந்த சின்ன அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம்.

மலைச்சரிவை ஒட்டிய பழைய ஓட்டுக் கட்டடம். முன்னறையில் ஏரி வெட்டியபோது எடுத்த புகைப்படங்கள். பின்னறையில் பழைய பாத்திரங்களும் தேன் எடுக்கும் கூடைகளும். டிக்கெட் கொடுக்கும் அம்மாவைத் தவிர வேறு யாரும் இல்லை.

திடீரென்று கண்ணாடிப் பெட்டிகள் கடகடவென்று ஆடின. பின்னறையிலிருந்து மகள் ஓடி வந்து என் முந்தானையைப் பிடித்தாள்.

"அம்மா, தரை ஆடுதும்மா."

"வெடி வைக்கிறாங்கடி. நம்ம குவார்ட்டர்ஸ்ல ஆடாததா? போய் மிச்சத்தப் பாரு."

எங்கள் ஊரில் சுரங்கத்தில் வெடி வைத்தால் ஜன்னல் அதிரும், அலமாரியில் டம்ளர் உருளும். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். அந்தத் தெனாவட்டில் அவள் தோளைப் பிடித்துத் திருப்பி உள்ளே அனுப்பினேன்.

ஊர் வெடி ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு அடங்கிவிடும். இது அடங்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த மலையில் ஏது சுரங்கம்? காலும் நகரவில்லை, மகளைக் கூப்பிட வாயும் வரவில்லை.

"மண்ணு சரியுது, வெளிய ஓடுங்க" என்று கத்திக்கொண்டே டிக்கெட் அம்மா என்னைத் தாண்டிப் பின்னறைக்கு ஓடினார். மகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு வந்து, இன்னொரு கையால் என்னை வாசலுக்குத் தள்ளினார். ஏரிக்கரைச் சாலையில் போய் விழுந்தோம். திரும்பிப் பார்த்தால் பின்னறைச் சுவரைக் காணோம். கூடைகள் இருந்த இடத்தில் சேறும் பாறையும் கிடந்தன.

"புள்ள சொன்னா காதுல வாங்க மாட்டீங்களா?" என்றார் அந்த அம்மா. அவர் முழங்காலில் ரத்தம். நான் அழுதுகொண்டிருந்தேன். நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை.

இப்போதும் எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்கிறது. மகள் என் முகத்தைப் பார்ப்பாள். வெடிதான் என்று தெரிந்தும் அவளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்பேன். "இத்தினி வருஷமா இல்லாத பயமா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கிண்டல் செய்வார். செய்யட்டும். பயந்து ஓடி வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பிய கை இது.