பொன்முடி பாதியில் வந்த அழைப்பு

டிரையத்லான் போட்டிக்காக நான் நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டிப் பழக வேண்டியிருந்தது. மூன்று வயது மகளை விட்டுவிட்டுப் போக மனம் வராது. அதனால் அந்த ஞாயிறு, திருவனந்தபுரத்திலிருந்து அவளும் கணவரும் காரில் என் பின்னாலேயே வந்தார்கள். அடிவாரத்தில் கல்லாறு என்ற ஊரில் ஒரு டீக்கடையில் அவர்களை விட்டுவிட்டுப் பொன்முடி மலை ஏறினேன்.

பாதி வழியில் தண்ணீர் குடிக்க நின்றபோது போனைப் பார்த்தேன். கணவரிடமிருந்து வரிசையாக அழைப்புகள் வந்திருந்தன. திருப்பிக் கூப்பிட்டால் சிக்னல் இல்லை. முந்தின நாள் மகளுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. கடைக்குப் பக்கத்திலேயே ஆறு வேறு. பிரேக்கைப் பிடித்தபடியே கீழே இறங்கினேன்.

மகள் வாழைப்பழ பஜ்ஜியான பழம்பொரியைத் தின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல. இவ என் போன்ல உன் போட்டோவ அமுக்கிட்டே இருந்திருக்கா," என்றார் கணவர்.

"அம்மா, மேல போயிட்டு வந்தாச்சா?"

"இல்ல மக்களே, பாதியில வந்துட்டேன்."

"அப்போ போயிட்டு வா."

கணவர் சிரித்தார். "கேட்டியா? போ. நாங்க இங்கதான் இருப்போம்."

நான் இல்லாவிட்டால் அவள் தவித்துப்போவாள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். மறுபடி ஏறும்போது மூச்சு மட்டும்தான் வாங்கியது, நெஞ்சு கனக்கவில்லை.