பின்பாரம்

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஜீப்பில் டிரெய்லர் மாட்டி இழுத்துச் செல்வது அவள் தொழில். பாரம் ஏற்றும்போது யார் பேச்சையும் கேட்கமாட்டாள். அதனால் எல்லோரும் அவளைப் ‘பிடிவாதக்காரி’ என்பார்கள்.

அன்று மட்டும் விட்டுக்கொடுத்தாள். மனைவியை இழந்த தம்பி அவள் வீட்டோடு வந்துவிடச் சம்மதித்திருந்தான். சாமான்களை அவனே ஏற்றினான். பீரோவையும் மனைவியின் இரும்புத் தையல் மெஷினையும் டிரெய்லரின் பின்கோடியில் வைத்தான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, வைத்தது வைத்தபடியே கயிறு கட்டினாள்.

வழியில் ஒரு சாலை இறக்கத்தில் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. ஜீப்பும் சேர்ந்து ஆடியது.

“அக்கா, பிரேக்கைப் போடு!”

“போட்டா கவுந்துடும்டா, சும்மா இரு.”

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டாள். வேகம் குறைந்து ஆட்டம் அடங்கியதும் ஓரங்கட்டினாள்.

“பின்னாடி பாரம் ஜாஸ்தி. கனமானதெல்லாம் டிரெய்லர் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால இருக்கணும். தெரிஞ்சும் உன்கிட்ட சொல்லாம விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

“அவ மெஷினை முதல்ல இறக்கணும்னுதான் கடைசியா வெச்சேன்க்கா” என்றவன் உடைந்து அழுதான். சாவு வீட்டில்கூட அவன் அழவில்லை.

அழுது முடிக்கும்வரை அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு இருவருமாக எல்லாவற்றையும் இறக்கி, கனமானவற்றை முன்னால் தள்ளி ஏற்றிக் கயிறு கட்டினார்கள்.

வண்டி ஆடாமல் போனது. கொஞ்ச தூரத்தில் அவன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனான். வீடு வந்த பிறகும் அவனை எழுப்ப மனம் வராமல், எஞ்சினை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.