நேரம் தப்பி ஓடிய எஞ்சின்

அப்பா எங்களை விட்டுப் போய் இன்று முப்பத்தொரு நாள். இந்த நினைவு மலரில் தம்பியின் எழுத்துதான் வந்திருக்க வேண்டும். கனடாவிலிருந்து போனில், "நீதானேயக்கா பக்கத்திலை இருந்தனீ, நீயே எழுது" என்று சொல்லிவிட்டு அழுதான். எனக்கு நாலு பேர் முன் பேசவே வராது. படிப்பும் பத்தாம் வகுப்போடு நின்றது. பிழை இருந்தால் உறவுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா யாழ்ப்பாணக் கடலில் உள்ள எங்கள் தீவில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனைக் கடலுக்குப் பறிகொடுத்தார். அந்தக் காலத்தில் கோயில் திருவிழாவுக்கு மட்டும் வாடகை எஞ்சின் வந்து விளக்கு எரியும். திருவிழா முடிந்து எஞ்சின் போனால் தீவு பழையபடி இருண்டுவிடும். சொந்தமாகவே ஒன்று வாங்கினால் என்ன என்று கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து தொடங்கியதுதான் எங்கள் மின்சாரக் கம்பனி. இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி டீசல் எஞ்சினைக் கொண்டு வந்தார்கள். பனந்தூண்களில் கம்பி இழுத்தார்கள். எஞ்சினை ஓட்டும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது.

பொழுதுபட்டால் எஞ்சின் ஓடும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் நிற்கும். அதற்கு முன் ஊர் விளக்குகளை ஒருதரம் மங்க வைத்து மீண்டும் எரிய விடுவார். கைவிளக்கை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். ஆனால் ஒரு வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது, ஒருவர் மூச்சிழுத்துக்கொண்டு கிடக்கிறார், ஒருவர் இறந்துவிட்டார் என்று யாராவது வந்து சொன்னால் போதும், எஞ்சினை நிறுத்த மாட்டார்கள். பகலென்றாலும் ஓட்டுவார்கள். அதனால் நேரம் தப்பி எஞ்சின் சத்தம் கேட்டால் "ஆற்றை வீட்டிலை?" என்று ஊரே விசாரிக்கும். யார் வீட்டில், பிறப்பா இறப்பா என்று. நான் பிறந்ததும் அப்படி ஓடிய எஞ்சின் வெளிச்சத்தில்தான். அப்பா எஞ்சினை விட்டு வர முடியாமல் அங்கேயே நின்றாராம். பிறந்தது பெண் என்று ஊருக்குத் தெரிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்ததாம்.

போர் வந்தது. டீசல் வருவது நின்றது. கம்பனியும் நின்றது. திரும்பி வந்து ஓட்டலாம் என்று அப்பா எஞ்சினுக்குக் கிரீஸ் பூசி, சாக்கால் போர்த்தி, கதவைச் சாத்திவிட்டு எங்களைப் படகில் ஏற்றினார். பல வருடம் கழித்து ஊருக்குப் போய் வந்தவர்கள், கட்டடமும் இல்லை எஞ்சினும் இல்லை என்றார்கள். அன்று முழுவதும் அப்பா சாப்பிடவில்லை.

தமிழ்நாட்டு அகதி முகாமில் சில காலம். பிறகு அம்பத்தூரில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வேலை, காட்டுப்பாக்கத்தில் இந்த மாடி வீடு. அம்மா போன பிறகு நானும் அப்பாவும்தான். அப்பா யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. தெருவில் மின்சாரம் போனால் மட்டும் கோபம் வரும். கீழே வெல்டிங் கடை வைத்திருக்கும் சேகர் சீண்டுவார்.

"இன்னா தாத்தா, உங்க தீவுல கரண்டே போவாதா?"

"போகும் தம்பி. ஆனால் எங்கட கம்பனி சொல்லிப்போட்டுத்தான் நிப்பாட்டும்."

"அப்ப அந்தக் கம்பனிய இங்க இட்டாந்துரு தாத்தா!"

கடைசியில் அப்பாவின் நுரையீரல் கெட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலேயே கண்ணை மூட வேண்டும், அதுதான் அப்பா கேட்டது. ஆக்சிஜன் தரும் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கட்டில் பக்கம் வைத்தேன். அது மின்சாரத்தில் ஓடுவது.

அந்த மழை நாளில் காலையிலேயே தெருவெல்லாம் மின்சாரம் போனது. மெஷின் நின்றது. கையிலிருந்த சின்ன சிலிண்டர் அதிக நேரம் தாங்காது. ஆம்புலன்சைக் கூப்பிட்டால் அப்பா ஆஸ்பத்திரியில்தான் கண்ணை மூடுவார். கூப்பிடாவிட்டால் என் கண் முன்னால் திணறுவார். படியில் நின்று அழுதேன். சேகர் பார்த்துவிட்டார்.

"ஏன்க்கா அழுதுகினு கீற? கடையில ஜெனரேட்டர் கீது, ஒயர மேல இஸ்துகினு வரேன். வெல்டிங் கெடக்கட்டும், நாளிக்குப் பாத்துக்கலாம்."

ஜெனரேட்டர் ஓடியது. மெஷினில் பச்சை விளக்கு வந்தது. சற்று நேரத்தில் அப்பா கண் திறந்தார். ஜன்னலில் பகல் வெளிச்சத்தைப் பார்த்தார். கீழேயிருந்து வரும் சத்தத்துக்குக் காது கொடுத்தார்.

"எஞ்சின் ஓடுது. ஆற்றை வீட்டிலை?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு பிள்ளை பிறக்கப்போகுதாம் அப்பா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அப்ப நிப்பாட்ட வேண்டாம் எண்டு சொல்லு."

அதற்குப் பிறகு அப்பா பேசவில்லை. பொழுதுபடும் நேரத்தில் என் மடியில் மூச்சு அடங்கியது.

தூரத்திலிருந்து ஓடி வந்தவர்களுக்கும், மழையில் பந்தல் போட்ட தெருப் பிள்ளைகளுக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டு வந்த பக்கத்து வீட்டு அக்காமாருக்கும் எங்கள் நன்றி. சேகருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அப்பா போன சற்று நேரத்தில் தெருவில் மின்சாரம் வந்துவிட்டது. சேகர் வாசலில் தலை குனிந்து நின்று கேட்டார்.

"கரண்டு வந்துச்சுக்கா. நிறுத்திடட்டுமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றேன். அவர் விடியும் வரை ஓட விட்டார்.

எங்கட வீட்டிலை, அப்பா. எங்கட வீட்டிலைதான்.