காப்புக் கட்டிய கையும் கடிகாரம் கட்டிய கையும்

கேரளத்து வடகரப்பதி பஞ்சாயத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டைத் தோளால் இடித்துக்கொண்டு நிற்கும் ஒரு சிற்றூரில் குப்பண்ணன் பிறந்தார், வளர்ந்தார், தக்காளி போட்டார். ஐம்பத்து மூன்று வயதுவரை அவர் ஓடியதாக இரண்டு சம்பவங்களே தெரியவருகின்றன. ஒன்று, தென்னந்தோப்பில் கதண்டுக் குளவிக் கூடு கலைந்தபோது. மற்றொன்று, கிருஷி பவன் என்ற வேளாண் அலுவலகத்தில் இலவச நாற்று தீரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது. அந்த இரண்டு ஓட்டங்களிலும் அவருடைய இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடித்தது என்ற தகவல் இல்லை. அந்தக் காலத்தில் அதை யாரும் கேட்பதில்லை. இதயமும் தானாக வந்து சொல்வதில்லை.

சர்க்கரை வந்தது. கோயமுத்தூர் டாக்டர் நடக்கச் சொன்னார். மகனோடு கோயமுத்தூரிலேயே குடியிருக்கும் மருமகள் மௌனிகா, "நடக்கறதுக்கு மெதுவா ஓடிரலாமுங்க மாமா, நான் ஓடறேனில்லீங்க" என்றாள். டாக்டர் பேச்சைத் தட்டலாம், தட்டியும் இருக்கிறார். மருமகள் பேச்சைத் தட்டிவிட்டு எங்கே போவது?

ஆகவே சென்ற ஆண்டு மாசி மாதம், கோயமுத்தூரில் நடந்த இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்தில் பெயர் கொடுத்தார். முதல் ஐந்து கிலோமீட்டரைக் கதண்டை மனத்தில் வைத்து ஓடினார். பதினாறாவது கிலோமீட்டரில், பின்தங்கியவர்களை அள்ளிக்கொண்டு வரும் பஸ்ஸில் ஏற்றப்பட்டார். ஏறவில்லை, ஏற்றப்பட்டார். இந்த வேறுபாட்டை அவர் இன்றுவரை வலியுறுத்தி வருகிறார்.

ஓட்டம் முடியும் இடத்தில் அர்த்தநாரி நின்றிருந்தார். குப்பண்ணனின் மனைவி சரஸ்வதியம்மாளுக்கு அண்ணன். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். கையில் ரோஜா மாலை, மறு கையில் வீடியோ எடுக்கத் தயாராகச் செல்போன். மாப்பிள்ளை பஸ்ஸிலிருந்து இறங்குவதை முழுதாக எடுத்தார். பிறகு, வாங்கிய மாலை வீணாகக் கூடாதென்று அதை பஸ்ஸின் முன்கண்ணாடிக்குப் போட்டுவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டார். அதையும் எடுத்தார்.

அன்றிலிருந்து இரு மாநிலங்களிலும் குப்பண்ணனுக்கு "பஸ்ஸோட்டக்காரர்" என்று பெயர். தக்காளிச் சந்தையில் கேட்டார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் கேட்டார்கள். அர்த்தநாரி வாரம் ஒருமுறை தங்கையைப் பார்க்க வரும்போதெல்லாம் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்.

"ஏனுங் மாப்ளே, அடுத்த பஸ்ஸு எத்தன மணிக்குங்க?"

அடுத்த மாசியில் அதே இருபத்தொன்றை, மூன்று மணி நேரக் கெடுவுக்குள், சொந்தக் காலில், அந்த மனிதரின் கண்ணெதிரே ஓடி முடிப்பது என்று குப்பண்ணன் முடிவெடுத்தார். வாழ்க்கையில் அவர் தானாக எடுத்த முடிவுகளில் இது இரண்டாவது. முதலாவது போர்வெல், அதில் தண்ணீர் வரவில்லை.

மௌனிகா ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தாள். நேரத்தையும் காட்டும், நெஞ்சடிப்பையும் காட்டும்.

"நூத்தி எம்பதுல உங்க வயசைக் கழிச்சா நூத்தி இருபத்தாறுங்க மாமா. நெஞ்சடிப்பு அதுக்கு மேல போகாம ஓடோணும். போனா வேகத்தைக் கொறைங்க. பேசிட்டே ஓட முடியோணும், அதுதான் சரியான வேகம்."

"யாருகிட்டக் கண்ணு பேசறது?"

"யாருகிட்டயாவது பேசுங்க மாமா."

மறுநாள் காலையில் ஐம்பதடி ஓடியதும் கடிகாரம் அதிர்ந்தது. நூற்று முப்பத்தொன்று. வேகத்தைக் குறைத்தார். நூற்று இருபத்தெட்டு. இன்னும் குறைத்தார். நூற்று இருபத்தைந்தில் நிலைத்தபோது, பால் சொசைட்டிக்குத் தூக்குவாளியோடு போய்க்கொண்டிருந்த எழுபது வயது மயிலாத்தாள் அவரைத் தாண்டிப் போனார். போனவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன குப்பண்ணா, கால்ல முள்ளு ஏறிருச்சா?"

"ஓடறனுங் ஆத்தா."

"அப்படியா சாமி. பைய வா."

ஊர் நாய்களும் குழம்பின. ஓடுகிறவரைத் துரத்த வேண்டும், நடக்கிறவரை விட்டுவிட வேண்டும் என்பதே அவற்றுக்குத் தெரிந்த சட்டம். குப்பண்ணனை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியாமல் எழுந்து நின்றன, பிறகு படுத்துவிட்டன. பேச்சுத்துணைக்கு ஆளில்லாததால் அவர் தென்னை மரங்களிடம் குரும்பை உதிர்வது பற்றி விசாரித்தபடி ஓடினார். இரண்டு வாரத்தில் நான்கு பேர் தனித்தனியாக வந்து, அவர் தனியே பேசிக்கொள்வதைச் சரஸ்வதியம்மாளிடம் மிகுந்த கவலையோடு தெரிவித்தார்கள்.

இருந்தும் விடவில்லை. எட்டு மாதத்தில் எட்டு கிலோமீட்டர் பன்னிரண்டாகி, பன்னிரண்டு பதினேழானது. நூற்று இருபத்தாறு தாண்டாமலே மயிலாத்தாளை முந்தினார். முந்தும்போது திரும்பிப் பார்க்கக் கூடாதென்று இருந்தார், பார்த்தார்.

கெடுதல் தை மாதக் கடைசியில் வந்தது. எட்டி வைக்காமல் குட்டிக் குட்டி அடியாக வைத்தால் முழங்காலுக்கு நல்லது என்று மௌனிகா போனில் சொல்லியிருந்தாள். குப்பண்ணன் தன் கடிகாரத்தை, எச்.எம்.டி. கடிகாரம் கட்டிய பழக்கத்தில், வளையல்போலத் தொளதொளவென்று கட்டுவார். மணிக்கட்டில் ஒட்டாத கடிகாரத்துக்கு நெஞ்சடிப்பு பிடிபடாதபோது, கை ஆடுகிற ஆட்டத்தையே நெஞ்சடிப்பு என்று எடுத்துக்கொள்ளும் புத்தி உண்டு. அன்று காலை வீட்டை நெருங்கும்போது பார்த்தார். நூற்று எழுபத்தொன்று.

அப்படியே களத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு மயக்கம் வருவதுபோலவும் இருந்தது.

"சரசு, நூத்தி எழுபத்தொண்ணு புள்ள."

சரஸ்வதியம்மாள் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மருமகளுக்குப் போன் போட்டார்; அவள் மீட்டிங்கில் இருந்தாள். உடனே மேற்கே மாரியம்மன் கோயில் திசையில் திரும்பினார். அந்த போன் எப்போதும் எடுக்கப்படும்.

"தாயே, இந்த நூத்தி எழுபத்தொண்ணைக் கொறச்சுக் குடு. இந்த நோம்பிக்கு இவரு காப்புக் கட்டிப் பூவோடு எடுப்பாரு."

உட்கார்ந்த மனிதருக்குக் கையும் ஆடவில்லை, காலும் ஆடவில்லை. நாலு நிமிடத்தில் கடிகாரம் எழுபத்தெட்டு காட்டியது. சரஸ்வதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது மௌனிகா கூப்பிட்டாள். விவரம் கேட்டுச் சிரித்தாள்.

"அத்தை, அது நெஞ்சடிப்பே இல்லீங்க. மாமா எடுத்து வெச்ச அடி. நிமிசத்துக்கு நூத்தி எழுபத்தொரு அடி. வாட்ச்சை இறுக்கிக் கட்டச் சொல்லுங்க."

"அதுக்கு நான் வேண்டிட்டனே கண்ணு."

"வேண்டாமுன்னு சொல்லிருங்க."

"ஆத்தாகிட்டப் போயி, அது நெஞ்சில்ல தாயி, காலுன்னு சொல்லச் சொல்றியா?"

குப்பண்ணன் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காப்பு என்பது மஞ்சள் துண்டைக் கோத்து வலது மணிக்கட்டில் கட்டும் ஒரு கயிறு. பூவோடு என்பது நெருப்புச் சட்டி. தக்காளி விலையைத் தாங்கிய கை அதைத் தாங்காதா? ஆனால் அடுத்த வாரம் ஊர்க்கூட்டம் கூடி, மாரியம்மன் திருவிழாவான நோம்பிக்கு நாள் வைத்தது. செவ்வாய்க்கிழமை காப்பு. அடுத்த வாரம் புதன்கிழமை பூவோடு. இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயமுத்தூரில் இருபத்தொரு கிலோமீட்டர் அந்த ஞாயிறுதான்.

காப்புக் கட்டியவர் பூவோடு முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

குப்பண்ணன் எழுந்து, நோம்பியை ஒரு வாரம் தள்ளி வைக்கலாமா என்று கூட்டத்தில் கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஏனுங், ஆத்தாளும் பஸ்ஸு புடிக்கோணுங்களா?" என்றார். கூட்டம் கலைந்தது.

பூசாரியைத் தனியாகப் பார்த்தார்.

"அரை நாளுதானுங். காத்தால போயிட்டு மத்தியானம் வந்தர்றன்."

"எல்லை தாண்டப்படாதுங்க."

"ஓடித்தானுங் தாண்டறன்."

"பறந்து தாண்டுனாலும் அதேதானுங்க. அப்பறம், செருப்பும் போடப்படாது." ஷூவுக்கு விலக்கு உண்டா என்று கேட்கும் தெம்பு குப்பண்ணனுக்கு இல்லை.

தினமும் காய்கறி வண்டியோடு அவர் தாண்டும் மாநில எல்லையில் இப்போது யாரும் நிறுத்துவதில்லை. இந்தியாவில் இரண்டு அரசாங்கங்கள் திறந்துவிட்ட வழியை வீட்டுக்காரம்மாவின் ஒரு வேண்டுதல் அடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காப்பு ஏறியது. வலது கையில் ஆத்தா, இடது கையில் மருமகள். ஒருவர் ஊரைத் தாண்டாதே என்றார், ஒருவர் நூற்று இருபத்தாறைத் தாண்டாதே என்றார். நடுவில் குப்பண்ணன் என்று ஒருவர் இருந்தார்.

மௌனிகா வழி கண்டுபிடித்தாள். வர முடியாதவர்கள் அதே நாளில் இருக்கும் இடத்திலேயே ஓடி, கடிகாரம் எழுதிய கணக்கை அனுப்பினால் போதுமாம். மெடல் கொரியரில் வரும்.

"மச்சான் பாக்கோணுமே கண்ணு."

"மாமா, ஓடறது உங்களுக்குங்க."

அவருக்கு அது அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்கு, வெறுங்காலோடு, கடிகாரத்தை ரத்தம் கட்டுமளவுக்கு இறுக்கிக்கொண்டு எல்லைக்கல் அருகே நின்றார். ஊர் எல்லையை ஒட்டி உள்பக்கமாக ஒரு வண்டித்தடம் ஓடுகிறது. ஒரு சுற்று ஒன்றே முக்கால் கிலோமீட்டர், பன்னிரண்டு சுற்று. ஊர் பழையது, மாநிலம் பிற்பாடு வந்தது. அதனால் தடத்தின் கிழக்கு மூலை சற்றுத் தூரம் தமிழ்நாட்டுக்குள் கிடக்கிறது. அன்று காலை குப்பண்ணன் இருபத்து நான்கு முறை மாநிலம் தாண்டினார். ஊர் தாண்டவில்லை.

மூன்று சுற்று அருமையாகப் போயிற்று. நூற்று இருபத்து நான்கு. நான்காவது சுற்றில், கோயில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போன பெண்கள் எதிரே வந்தார்கள். காப்புக் கட்டிய ஒருவர், வெறுங்காலில், விடியலில், ஊரைச் சுற்றி வருகிறார். இதற்கு அவர்களுக்குத் தெரிந்த பொருள் ஒன்றுதான். மயிலாத்தாள் முதலில் குடத்தை இறக்கினார்.

"நில்லு சாமி."

"ஆத்தா, நான் ஓடறனுங்."

"தெரியுது சாமி, நில்லு." மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் காலில் விழுந்தன. சாமி என்று கூப்பிட்ட பிறகு நிற்காமல் ஓட எந்த மனிதனால் முடியும்? ஐந்தாவது சுற்றில் ஏழு குடம். ஆறாவதில் ஒரு அம்மா கைக்குழந்தையைத் தடத்தில் கிடத்தித் தாண்டிப் போகச் சொன்னாள். எட்டாவதில் பறைமேளம் சேர்ந்துகொண்டது. மேளத்துக்கு நூற்று இருபத்தாறு பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. நெஞ்சு நூற்று நாற்பத்தெட்டுக்குப் போயிற்று. கடிகாரம் இடது கையில் கதறியது. குறைத்தால் மூன்று மணி நேரக் கெடு போய்விடும். குறைக்காவிட்டால் மருமகள் பேச்சு போய்விடும். குப்பண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, சென்ற ஆண்டைப் போலவே மறுபடியும் கதண்டை நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாவது சுற்று முடிந்து, எல்லைக்கல்லைத் தாண்டாமலிருக்க அதையே கட்டிப்பிடித்து நின்றபோது இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். இருபத்தொன்றே கால் காட்டியது. காலைத் தொட்டுக் கும்பிட்டவர்களுக்காக விலகி நடந்ததில் கொஞ்சம் அதிகம். முடித்துவிட்டார். சொந்தக் காலில் முடித்துவிட்டார்.

சுற்றி நின்ற கூட்டம் கும்பிட்டது. "ஆத்தா எப்படி ஓட வெச்சா பாருங்க" என்றார் ஒருவர். "அவரு எங்க ஓடுனாரு? அவதான் ஓடுனா" என்றார் இன்னொருவர். சரஸ்வதியம்மாளும் தலையசைத்தார். எட்டு மாதம் தென்னை மரங்களோடு பேசியதைச் சாட்சி சொல்ல அங்கே ஒரு தென்னையும் வாயைத் திறக்கவில்லை.

பூவோடு முடிந்து பத்து நாள் கழித்து மெடல் வந்தது. காலை வேளை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அர்த்தநாரி உட்கார்ந்திருந்தார்; தங்கையின் காப்பிக்குக் காத்திருந்தார். குப்பண்ணன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் வைத்தே அட்டைப்பெட்டியைப் பிரித்தார். இதற்காகத்தான் அவர் அன்று வரவேண்டுமென்று இரண்டு தடவை போன் செய்திருந்தார். சிவப்பு நாடாவில் கனமான மெடல்.

அர்த்தநாரி வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பெட்டியின்மேல் ஒட்டியிருந்த சீட்டையும் படித்தார்.

"கோயமுத்தூர்லருந்து வந்திருக்குதுங்களா?"

"ஆமாங் மச்சான். இருபத்தொண்ணு. ரெண்டு மணி அம்பத்தெட்டு."

"ரெண்டு மணி அம்பத்தெட்டா? இதுல மூணு நாளுன்னு போட்டிருக்குதுங்களே." சீட்டின்மேல் விரலை வைத்தார். "போன வருசம் பஸ்ஸுல வந்தீங்க. இந்த வருசம் கொரியர்ல வந்திருக்கறீங்க. ஆனாலும் மாப்ளே, வருசா வருசம் முன்னேற்றந்தானுங்க."

குப்பண்ணன் அசையவில்லை. நாற்காலியும் அசையவில்லை. இடது மணிக்கட்டு மட்டும் அதிர்ந்தது. குனிந்து பார்த்தார். நீங்கள் ஓய்வில் இருக்கும்போது நெஞ்சடிப்பு அதிகமாக இருக்கிறது என்று கடிகாரம் மரியாதையாகத் தெரிவித்தது. நூற்று நாற்பது. இறுக்கித்தான் கட்டியிருந்தார். ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. இந்த முறை அது கால் அல்ல.

காப்பித் தம்ளரோடு வந்த சரஸ்வதியம்மாள் நின்றார்.

"ஏனுங்க, என்னமோ அடிச்சுதே. எத்தன காட்டுது?"

குப்பண்ணன் மஞ்சள் கறை போகாத வலது கையால் கடிகாரத்தைப் பொத்திக்கொண்டார்.

"மணி பத்தேகாலு."

உள்ளே சுவர்க் கடிகாரம் ஒன்பது அடித்தது. சரஸ்வதியம்மாள் தம்ளரை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, மெல்ல மேற்கே, கோயில் திசையில் திரும்பினார்.