மையக்கோணமும் மூடிய மைக்கும்

போன ஞாயிறு மனைவி அலமாரியின் மேல்தட்டிலிருந்து இரண்டு பிஸ்கட் டின்களை இறக்கினாள். "இதுல மொளகா போட்டு வைக்கவாங்க?" மூடியைத் திறந்ததும் துருவும் பழைய பிஸ்கட் தூளும் கலந்த வாடை. டின்களை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

கொரோனாவுக்குப் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த காலம். இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பதினோராந் தரத்துக்கு நான் கணித ஆசிரியன். இந்த இரண்டு டின்களுக்கும் குறுக்கே, கோடு போடும் அடிமட்டங்களை வைத்து, அவற்றின்மேல் போனைத் திரை கீழே பார்க்கக் குப்புறப் படுக்கவைத்தால், கீழே கொப்பியில் நான் எழுதுவது பிள்ளைகளுக்குத் தெரியும். அதுதான் என் நவீன வகுப்பறை. அதைப் பற்றி நான் பெருமையடிக்கத் தொடங்கினால் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பிள்ளைகள் பக்கம் இன்னும் நவீனம். அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் கிடையாது. மலைமேல் தண்ணீர்த் தொட்டியடியில்தான் இரண்டு கோடு எழும்பும். ஆறு பேருக்கு ஒரு போன். மழை பெய்தால், கொழுந்தெடுக்கும்போது அம்மாமார் இடுப்பில் கட்டும் படங்கை விரித்துப் போனுக்குக் கூரை போடுவார்கள். நனைவது அவர்கள்.

இந்த அழகில், என் வகுப்பைப் பார்வையிட ஹட்டன் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் ஆலோசகர் ஒன்லைனில் வரப்போவதாகத் தகவல். அவர் திருப்திப்படாவிட்டால் வகுப்பு என்னைவிட்டுப் போய்விடும். கணினி தெரிந்த இளம் ஆசிரியர் ஒருவர் தயாராக இருந்தார். பரீட்சைக்கு இரண்டு மாதம். மூன்று வருடமாக நான் இழுத்துவந்த பிள்ளைகள். மூன்று நாள் சரியாகச் சோறு இறங்கவில்லை.

அன்று வட்டத்தை வரைந்து, மையக்கோணத்தைத் தொண்டை கிழிய விளக்கினேன். பிள்ளைகளோ ஒரே இரைச்சல்.

"ஏ சுகந்தி, சேரு என்னடி கோடு போடுறாரு?"

"மையத்துல இருக்கிற கோணம் பரிதியில இருக்கிறதுக்கு ரெண்டு மடங்குடா, மண்டு. புத்தகத்தப் பாரு."

"எப்புடி ரெண்டு மடங்கு? எனக்கு வெளங்கல."

"இங்க பாரு, முக்கோணமாப் பிரி..."

பெரியவர் பார்த்துக்கொண்டிருக்க இந்தக் கூத்தா! "வாய மூடுங்க!" என்று கத்தினேன். ஒருவரும் மதிக்கவில்லை. இன்னும் கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்ததுதான் மிச்சம். நாற்பது நிமிடமும் இப்படியே போனது.

கடைசியில் ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "அருமை மாஸ்டர்! நீங்க ஒரு வார்த்த பேசாம, புள்ளைங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொடுக்க விட்டீங்க பாருங்க! சரி, இப்பவாச்சும் மைக்கப் போட்டு ரெண்டு வார்த்த சொல்லுங்க."

போனைத் தூக்கிப் பார்த்தேன். மைக் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு. ஆரம்பத்திலிருந்தே.

"அது... புது முறைங்க சேர்," என்றேன். வகுப்பு தப்பியது.

பின்னேரம் சுகந்தி போனில் பேசினாள். "சேர், கோவமாங்க?"

"ஏம்மா சொல்லல, நான் பேசுறது கேக்கலன்னு?"

"பெரிய சேர் பாத்துக்கிட்டு இருக்கப்ப எப்புடிங்க சொல்றது? ஒங்களுக்குத்தானே வெக்கம். அதான் நாங்களே பேசி சமாளிச்சோம்."

இப்போது தோட்டத்தில் சிக்னல் கோபுரம் நிற்கிறது. ஆளுக்கொரு போன், அவரவர் வீட்டில். போன கிழமை பழைய பாடங்களைத் திரும்பப் படிக்கும் ஒன்லைன் மீட்டல் வகுப்பில், வேண்டுமென்றே மைக்கை மூடிவிட்டு அதே வட்டத்தை வரைந்தேன். யாராவது யாருக்காவது சொல்லிக்கொடுக்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன்.

ஐந்து செக்கன் போகவில்லை. திரையில் பதினெட்டுச் செய்திகள்: "சேர், மியூட்."