வாடகை வீட்டு மங்குஸ்தான்

தொட்டியைக் குப்புறக் கவிழ்த்து உள்ளங்கையால் அடியில் ஓங்கித் தட்டினால், செடி மண்ணோடு கணேசமூர்த்தியின் கையில் வந்து உட்கார்ந்துவிடும். உடனே அந்த மண்ணை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். "புளிச்ச வாடை அடிக்கி. தண்ணிய ஊத்தி ஊத்தியே கொன்னுருக்கிய" என்று செடி வளர்த்தவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்.

தென்காசியில் சாரல் பிடித்துவிட்டால் மனிதரை வீட்டில் பார்க்க முடியாது. ஊரே அருவிக்கு ஓடும். இவர் டிவிஎஸ் வண்டியில் செம்மண்ணும் மக்கிய எருவும் ஏற்றிக்கொண்டு, தலையில் உரச்சாக்கோடு, தொட்டி மாற்ற மாடி மாடியாக ஏறுவார். ஐந்தருவிப் பக்கத்து லாட்ஜுகளில் இவரைக் கேட்காமல் ஒரு குரோட்டன்ஸைக்கூட நகர்த்த மாட்டார்கள்.

வேர் சுருண்டு கிடந்தால் ஈவு இரக்கம் பார்க்க மாட்டார். கத்தியை எடுத்து நாலு பக்கமும் கீறிவிடுவார். "ஐயோ அண்ணாச்சி, பாத்து!" என்று செடிக்குச் சொந்தக்காரி ஸ்ரீமதி டீச்சர் பதறினால், "வெட்டுனாத்தான் புதுசு விடும் டீச்சர். செடிக்கு வலிக்கல, உங்களுக்குத்தான் வலிக்கி" என்பார்.

இப்படி வாய் ஓயாதவர், தன் வீட்டு மங்குஸ்தான் பேச்சு வந்தால் மட்டும் வெற்றிலைப் பொட்டலத்தைத் தேடத் தொடங்கிவிடுவார்.

கல்யாணமான புதிதில் குற்றாலத்தில் வாங்கித் தின்ற பழத்தின் விதை அது. மனைவி ஜோதிலட்சுமி டால்டா டப்பாவில் ஊன்றி முளைக்க வைத்தாள். "பின்னால எடம் சும்மாதான கெடக்கு, மண்ணுல வச்சிருவமா?" என்று ஆசையாகக் கேட்டாள். வீட்டு ஓனர் வல்லிநாயகமும் தாராளமாக வையுங்கள் என்றார். இவர்தான் பிடி கொடுக்கவில்லை. "வாடகை வீட்டு மண்ணுல வச்சா, போகும்போது புடுங்கிக்கிட்டா போவ? சொந்த வீடு கட்டி வைப்போம்."

சொந்த வீடு அடுத்த வருஷமே வந்துவிடும் என்றுதான் நினைத்தார். டப்பா தொட்டியாயிற்று, தொட்டி சிமென்ட் தொட்டியாயிற்று, கடைசியில் நீல டிரம். வீடு மாறும்போதெல்லாம் பீரோவோடு மரமும் டெம்போவில் ஏறியது. ஊரார் செடிக்கெல்லாம் சாரலில் தொட்டி மாற்றுகிறவருக்கு, அதே சாரலில் தன் டிரம்மைத் தொட நேரமில்லை. "அடுத்த சாரலுக்குப் பாப்போம்" என்பார். மரம் ஆளுயரத்தோடு நின்றுவிட்டது. ஒரு பூகூட வைத்ததில்லை. ஜோதிலட்சுமியும் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் போலிருந்தது.

இந்த ஆவணியில்தான் மேலகரத்தில் சொந்த வீட்டுக்குக் குடிபோனார்கள். சாமான் அடுக்கும் முன்னே குழி தோண்டி, டிரம்மை ரம்பத்தால் அறுத்துப் பிரித்தார். உள்ளே மண்ணே இல்லை. விரல் தடிமனில் வேர்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு டிரம்மின் உருவத்திலேயே நின்றன. வெட்டினால் மரம் தாங்குமா தெரியாது. வெட்டாமல் குழியில் இறக்கினால் அதன் வேரே அதன் கழுத்தை நெரித்துவிடும். கத்தியை எடுத்தவர் அப்படியே குந்தியிருந்தார்.

"அன்னைக்கே நீ சொன்னதக் கேட்டுருக்கணும், ஜோதி."

"இப்பம் அதச் சொல்லி என்ன செய்ய? நான் பிடிச்சுக்கிடுதேன். வெட்டுங்க."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, தண்டை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்தாள். முகத்தை மட்டும் மலைப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.